பாதியாவில் ஒரு மேய்ச்சல் கணக்கு



பைத்துல் முகத்தஸ் ஸியாரத்துக்குச் சென்றுவந்த நம்மவர்கள் பலர் ஜோர்தான் வழியாகவே சென்றிருக்கிறார்கள். அம்மானில் இறங்கி, குகைவாசிகளின் குகை என்று காட்டப்படும் இடத்தைப் பார்த்து, கறக் பகுதியிலுள்ள முஃதாவில் ஸெய்த் (ரழி), ஜஃபர் (ரழி), அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) ஆகிய மூன்று ஷுஹதாக்களுக்கும் ஸலாம் சொல்லி, சாக்கடலின் கரையில் சற்று நின்றுவிட்டுப் பாலத்தைக் கடப்பார்கள். பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே அவர்கள் எல்லோரும் கண்ட ஒரு காட்சி உண்டு. புழுதி நிறத்து வெளியில் வெள்ளை உடலும் பழுப்புத் தலையுமாக ஒரு செம்மறி மந்தை. பக்கத்தில் ஒரு பழைய பிக்கப் வாகனம். தூரத்தில் ஒரு கறுப்புக் கூடாரம். ஊர் திரும்பிய பின் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

இந்த மாதம் அந்த ஜன்னலுக்கு வெளியே உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். ஆடு மேய்ப்பது நமக்குத் தூரமான விடயமன்று. ஆடு மேய்க்காத எந்த நபியையும் அல்லாஹ் அனுப்பவில்லை என்ற கருத்தில் ஸஹீஹுல் புஹாரியில் ஹதீஸ் வந்திருக்கிறது. தாங்களுமா என்று தோழர்கள் கேட்டபோது, மக்காவாசிகளின் ஆடுகளைச் சிறு கூலிக்குத் தாமும் மேய்த்ததாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்தத் தொழிலுக்கு இன்று என்ன நேர்ந்திருக்கிறது, அதைக் காக்க வானத்திலுள்ள செய்மதிகளையும் மேசையிலுள்ள கணனியையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள், அவற்றால் காண முடியாதது எது என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

மழை குறைந்த பெருவெளி

ஜோர்தான் நமது இலங்கையைவிடப் பெரிய நாடு. ஏறத்தாழ 89,000 சதுர கிலோமீற்றர். அதில் ஐந்தில் நான்கு பங்கு 'பாதியா' எனப்படும் வரண்ட வெளி. பதூ என்ற சொல்லும் பாதியா என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. அங்கே ஆண்டுக்கு 200 மில்லிமீற்றர் மழைகூடக் கிடைப்பதில்லை. கிழக்கே போகப் போக 100 மில்லிமீற்றரும் இல்லை. ஒப்பிட்டுப் பாருங்கள்: மிக வரண்ட பகுதிகள் என்று நாம் சொல்லும் மன்னாரிலும் அம்பாந்தோட்டையிலும் ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது.

அம்மானிலிருந்து கிழக்கே போனால் அஸ்ரக் வரும். ஒரு காலத்தில் நீரூற்றுகள் பொங்கி, நாடு கடந்து பறக்கும் பறவைகள் இறங்கித் தங்கிய சதுப்பு நிலம் அது. அம்மான் நகரின் தாகம் தீர்க்க நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் 1990களின் தொடக்கத்தில் ஊற்றுகள் வற்றிப்போயின. பின்னர் ஒரு சிறு பகுதிக்கு மட்டும் நீர் விட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். அதற்கும் அப்பால் வடகிழக்கே ஸபாவீ என்ற சிற்றூர். ஈராக்கின் கிர்கூக்கிலிருந்து ஹைபா துறைமுகம் வரை 1930களில் போடப்பட்ட எண்ணெய்க் குழாயின் ஒரு நிலையமாக இருந்த இடம் இது. இங்கு வந்ததும் பூமியின் நிறமே மாறிவிடும். எரிமலைக் குழம்பு இறுகி உடைந்த கருங்கற்கள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும். இதனை 'ஹர்ரா' என்கிறார்கள். மதீனாவின் இரு பக்கமும் உள்ள கருங்கல் நிலங்களுக்கும் இதே பெயர்தான் என்பதை ஸீரா படித்தவர்கள் அறிவார்கள்.

ஸபாவீக்கு அப்பால் அந்த வெட்டவெளியில் தனியாக ஒரு மரம் நிற்கிறது. 'புத்ம்' என்னும் காட்டுப் பிஸ்தா மரம். சிறு வயதில் ஷாமுக்குப் போன வணிகக் கூட்டத்தோடு வந்த நபி (ஸல்) அவர்கள் இந்த மரத்தடியில்தான் தங்கினார்கள், துறவி பஹீரா இங்கேதான் கண்டார் என்பது அந்நாட்டில் வழங்கிவரும் செய்தி. சம்பவம் இந்த இடத்தில்தான் நடந்தது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. புஸ்ரா நகரைக் குறிப்பிடுவோரே அதிகம். ஆனால் ஒன்றை அந்த மரம் தெளிவாகக் காட்டுகிறது. மரமே இராது என்று நாம் நினைக்கும் மண்ணில், வெட்டாமலும் கடிக்காமலும் விட்டுவைத்தால், மரம் வளர்ந்து நிற்கும்.

ஆட்டை நம்பிய அடுப்பு

பாதியாவின் ஆட்டினத்துக்கு 'அவாஸீ' என்று பெயர். அதன் வாலைப் பார்த்தால் நம் ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பார்கள். தட்டுப்போல அகன்று கொழுப்பால் கனத்துத் தொங்கும். தீவனம் இல்லாத மாதங்களுக்காக அல்லாஹ் அதன் உடம்பிலேயே வைத்துக் கொடுத்த சேமிப்பு அது.

மந்தையை ஓட்டிச் செல்பவர் ஆணாகவோ சிறுவராகவோ இருக்கலாம். மந்தையைக் குடும்பத்துக்கு உணவாக மாற்றுவது பெண்ணின் கைதான். வசந்த காலத்தில் குட்டி ஈன்ற ஆடுகளின் பாலைக் கறந்து, தயிராக்கி, ஆட்டுத்தோற் பையில் ஆட்டி ஆட்டி வெண்ணெய் எடுக்கிறார்கள். வெண்ணெய் நெய்யாகிறது. எஞ்சிய மோரை வற்றவைத்து, நீர் வடித்து, உப்புச் சேர்த்து உருட்டி வெயிலில் காயவைத்தால் கல்போன்ற வெள்ளை உருண்டை கிடைக்கும். இதுதான் 'ஜமீத்'. இதை ஊறவைத்துக் கரைத்த சாற்றில் இறைச்சியை வேகவைத்தால் 'மன்ஸப்'. ஜோர்தான் வீடுகளில் பணிப்பெண்களாக வேலை செய்து திரும்பிய நம் சகோதரிகளுக்கு இந்த மணம் மறந்திருக்காது. 2022இல் யுனெஸ்கோ நிறுவனம் மன்ஸபை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பதிவு செய்தது.

கறுப்புக் கூடாரத்தின் துணியும் பெண்கள் வெள்ளாட்டு முடியில் நெய்வதே. ஆட்டு உரோமமும் முடியும் தோலும் வீடாகவும் உடைமையாகவும் ஆவதை ஸூரா அந்நஹ்ல் அருட்கொடையாக நினைவூட்டுகிறது. சாக்கடலைப் பார்த்து நிற்கும் பனீ ஹமீதா மலையில், 1985இல் தொடங்கிய ஒரு திட்டத்தின் மூலம் கிராமத்துப் பெண்கள் செம்மறி உரோமத்தில் விரிப்புகள் நெய்து விற்று வருகிறார்கள்.

ஆகவே புல் முளைக்காவிட்டால் ஆண்மகனின் தொழில் மட்டும் போவதில்லை. பால் போகிறது; நெய் போகிறது; ஜமீத் விற்றுப் பிள்ளைக்கு வாங்கும் பாடசாலைச் சப்பாத்தும் போகிறது.

நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு

அரிசி மூடை எத்தனை நாளைக்கு வரும் என்று நீங்கள் மனதில் கணக்குப் போடுவீர்கள் அல்லவா? மேய்ச்சல் தரையின் கணக்கும் அப்படித்தான்.

ஒரு ஹெக்டெயர் நிலத்தில், அதாவது சுமார் இரண்டரை ஏக்கரில், ஓர் ஆண்டில் 100 கிலோ காய்ந்த தீவனம் விளைகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தனையையும் ஆட்டுக்குக் கொடுக்கக் கூடாது. செடி மீண்டும் தழைக்க, விதை விழ, வேர் மண்ணைப் பிடித்திருக்கப் பாதிக்கு மேல் விட்டுவைக்க வேண்டும். எனவே 40 கிலோதான் ஆட்டின் பங்கு. ஓர் ஆடு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ தின்னும் என்றால், அந்த ஹெக்டெயர் ஓர் ஆட்டுக்கு 27 நாளைக்குக்கூட முழுதாக வராது.

நூறு ஆடுகள் வைத்திருக்கும் ஒரு குடும்பம் மூன்று மாதம் மேய்க்க வேண்டுமானால் 13,500 கிலோ தேவை. அதை 40ஆல் பிரித்தால் சுமார் 338 ஹெக்டெயர். நம் கணக்கில் 830 ஏக்கருக்கும் மேல்! இது மூன்று மாதத்துக்கு மட்டும். முந்திய பதூக்கள் ஏன் ஓரிடத்தில் நில்லாமல் அலைந்தார்கள் என்பதற்கு விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. அலைவது அவர்களின் குணக்கேடு அன்று. நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் முறை.

வானிலிருந்து பார்க்கும் கண்

ஆனால் எந்த ஹெக்டெயரில் எவ்வளவு விளைகிறது என்று யார் போய் அளப்பது? நாட்டில் ஐந்தில் நான்கு பங்கையும் கால்நடையாகச் சுற்றி அளக்க முடியுமா? இங்கேதான் செய்மதி வருகிறது.

பச்சை இலை சூரிய ஒளியின் சிவப்பு நிறத்தை விழுங்கிக்கொள்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வெறும் மண் அப்படிச் செய்வதில்லை. இந்த வேறுபாட்டை வானிலிருந்து அளந்தால் எங்கே எவ்வளவு பசுமை இருக்கிறது என்று கணிக்கலாம். அமெரிக்காவின் 'லேண்ட்சாட்' வரிசைச் செய்மதிகளில் முதலாவது 1972இல் ஏவப்பட்டது. அவற்றின் படங்கள் 2008 முதல் எவரும் இலவசமாகப் பெறக்கூடியவை. அந்தப் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் காணிக் கணக்கில் சுமார் 35 பேர்ச். ஐரோப்பாவின் 'சென்டினல்' செய்மதி 2015 முதல் இன்னும் நுணுக்கமாக, நான்கு பேர்ச் அளவுக்குக்கூடப் பார்க்கிறது.

பசுமை மட்டும் போதாது. தையல் வகுப்புக்குப் போன சகோதரிகளுக்கு ட்ரேசிங் பேப்பர் தெரியும். ஒரே நிலத்தின் படத்தை நான்கு ட்ரேசிங் பேப்பர்களில் வரைவதாக நினையுங்கள்.

முதல் தாளில் தீவனம்: எங்கே அதிகம், எங்கே குறைவு.

இரண்டாம் தாளில் சரிவு. செங்குத்தான மலையில் ஆடு ஏறினால் தின்றதைவிட நடந்து களைத்தது அதிகமாகிவிடும், மண்ணும் சரியும். 2000ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஒரு விண்ணோடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி மேடு பள்ளங்களை ராடார் மூலம் அளந்தது. அந்த அளவுகளிலிருந்து எந்த இடத்தின் சரிவையும் கணனி கணித்துவிடும்.

மூன்றாம் தாளில் தண்ணீர். கிணறு, குளம், ஊற்று எங்கே உள்ளன, அங்கிருந்து எவ்வளவு தூரம் என்பது. ஓரிரு கிலோமீற்றர் எனில் நன்று. கோடையில் ஐந்தாறு கிலோமீற்றர் போய்வர வேண்டுமெனில் பால் வற்றிவிடும்.

நான்காம் தாளில் மண். காற்றிலும் வெள்ளத்திலும் எளிதில் அரித்துப் போகக்கூடியதா, உறுதியானதா என்பது.

இந்த நான்கு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே 'புவியியல் தகவல் முறைமை' செய்யும் வேலை. உயர்தரத்தில் புவியியல் படிக்கும் மகள் வீட்டில் இருந்தால் கேளுங்கள். அவள் இன்னும் நன்றாக விளக்குவாள். முன்பு கையால் மாதக்கணக்கில் செய்ததை இப்போது கணனி ஒரு நாளில் செய்கிறது.

தாள்களை அடுக்கிய பின் நிலத்தைத் தரம் பிரிக்கிறார்கள். உலக உணவு விவசாய ஸ்தாபனம் 1976இல் ஒரு பொது முறையை வகுத்தது. 1991இல் மேய்ச்சல் நிலங்களுக்கென்றே தனியான வழிகாட்டி நூலை வெளியிட்டது. மிகப் பொருத்தம், நடுத்தரப் பொருத்தம், சொற்பப் பொருத்தம், பொருத்தமில்லை என்று தரங்கள். ஈரானின் மலைச்சரிவுகளில் இந்த முறைப்படி செம்மறி மேய்ச்சலுக்கான ஆய்வுகள் பல நடந்துள்ளன. ஜோர்தானிலும் 1992இல் ஸபாவீயை மையமாகக் கொண்டு, பிரித்தானிய ஆய்வாளர்களும் சேர்ந்து, பாதியா ஆய்வுத் திட்டம் ஒன்று தொடங்கியது. 2004 முதல் அம்மானுக்குத் தென்கிழக்கே ஒரு நீரேந்து பகுதியில், எங்கே மழைநீரைத் தேக்கித் தீவனச் செடி நடலாம் என்பதை இத்தகைய வரைபடங்களால் கண்டறிந்தார்கள். அங்கே சமவுயரக் கோடுகளின் வழியே பிறைவடிவக் குழிகளை இயந்திரத்தால் தோண்டி, 'கதப்' என்னும் உப்புத் தாங்கும் செடியை நட்டார்கள். பெய்யும் சொற்ப மழை ஓடிப்போகாமல் குழியில் தங்கிச் செடியின் வேருக்கு இறங்குகிறது.

தரம் பிரிக்கும்போது ஒரு விதியைக் கவனிக்கிறார்கள். நான்கில் மூன்று நன்றாக இருந்து ஒன்று மோசமாக இருந்தால், அந்த மோசமான ஒன்றே முழு நிலத்தின் தரத்தையும் தீர்மானிக்கும். இதனை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மிளகாயும் தேங்காய்ப்பாலும் எவ்வளவு அளவாக இருந்தாலும் உப்புக் கூடினால் கறி கறியாகாது.

செய்மதிக்குத் தெரியாத இரண்டு விடயங்கள்

இத்தனை நுட்பமான கருவிக்கும் தெரியாதவை உண்டு.

முதலாவதை எனக்கு விளக்கியவர் ஓர் இடையர். அஸ்ரக் செல்லும் வழியில் எமது பஸ் சற்று நின்றபோது அவரோடு பேசக் கிடைத்தது. நான் பேசிய கிதாபு அரபு அவருக்கு வேடிக்கையாக இருந்தது. அவர் பேசிய பாலைவன வழக்கு எனக்குப் பாதிதான் விளங்கியது. பக்கத்தில் கொத்துக் கொத்தாகப் பச்சைச் செடி நின்றது. இவ்வளவு பசுமை இருக்க ஆடுகள் ஏன் அந்தப் பக்கம் போகவில்லை என்று கேட்டேன். அவர் ஓர் இலையைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். கசப்பான நாற்றம். அது 'ஹர்மல்'. ஆடு அதைத் தொடாது. நல்ல செடிகளான 'ஷீஹ்' போன்றவற்றை மந்தைகள் அடியோடு கடித்துத் தீர்த்த இடத்தில்தான் ஹர்மல் பெருகும். கோடையில் மற்றவை காய்ந்த பின்னும் அது பச்சையாகவே நிற்கும். வானிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது பசுமை. ஆட்டுக்கோ அது பசி. ஆகவேதான் நல்ல ஆய்வாளர்கள் படத்தை மட்டும் நம்பாமல் தரையில் இறங்கி, சதுரம் கட்டி, அதற்குள் நிற்கும் செடிகளின் பெயரை எழுதி, வெட்டி நிறுத்துப் பார்க்கிறார்கள். இடையரிடமும் கேட்கிறார்கள்.

இரண்டாவதை நாம் அல்குர்ஆனிலிருந்தே அறியலாம். ஸூரா அல்கஸஸில் மூஸா (அலை) அவர்கள் மத்யனின் நீர்நிலையை அடைகிறார்கள். அங்கே ஒரு கூட்டத்தார் தம் கால்நடைகளுக்கு நீர் புகட்டுகிறார்கள். இரண்டு பெண்கள் மட்டும் தம் ஆடுகளைத் தடுத்து வைத்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறார்கள். விடயம் என்னவென்று மூஸா (அலை) அவர்கள் கேட்கிறார்கள். இடையர்கள் எல்லோரும் போன பின்தான் தங்களால் புகட்ட முடியும் என்றும், தம் தந்தை வயது முதிர்ந்தவர் என்றும் அவர்கள் சொல்கிறார்கள். மூஸா (அலை) அவர்கள் அவர்களுக்காக நீர் புகட்டிக் கொடுக்கிறார்கள்.

சகோதரிகளே, மூன்றாம் ட்ரேசிங் பேப்பரை நினைத்துப் பாருங்கள். மத்யனில் ஒரு கணனி வரைபடம் இருந்திருந்தால் அந்த இரு பெண்களின் ஆடுகள் நின்ற இடத்துக்கு 'மிகப் பொருத்தம்' என்ற தரமே கிடைத்திருக்கும். தண்ணீர் கண்ணெதிரே இருந்தது. ஆனால் பலசாலிகள் குடித்து முடிக்கும்வரை அது அவர்களுக்கு இல்லாத தண்ணீர்தான். தூரத்தைச் செய்மதி அளக்கும். முறையை யார் விட்டுக்கொடுக்கிறார், யார் தட்டிப் பறிக்கிறார் என்பதை அளக்காது. அதைக் கேட்டறிய ஒரு மனிதர் வேண்டும். மூஸா (அலை) அவர்கள் முதலில் செய்தது கேட்டதுதான்.

கெட்ட நிலத்துக்கு யார் பொறுப்பு?

பாதியா தானாகக் கெடவில்லை. முன்பு ஒவ்வொரு கோத்திரத்துக்கும் 'தீரா' என்னும் மேய்ச்சல் எல்லை இருந்தது. எப்போது உள்ளே போவது, எப்போது வெளியேறுவது என்பதைப் பெரியவர்கள் தீர்மானித்தார்கள். பின்னர் அந்த நிலங்கள் அரசுடைமையாயின. எல்லோருக்கும் உரியது என்றானபோது காவல் செய்ய எவரும் இல்லாமற் போயிற்று. லொறியும் தண்ணீர் பவுசரும் வந்தன. தண்ணீர் இல்லாததால் கோடை முழுதும் ஓய்வெடுத்த நிலத்துக்கும் பவுசரில் தண்ணீர் கொண்டுபோய் ஆட்டை இறக்க முடிந்தது. மானிய விலையில் பார்லி கிடைத்ததால் நிலம் தாங்காத அளவுக்கு மந்தைகள் பெருகின. 1990களின் நடுப்பகுதியில் அந்த மானியம் நிறுத்தப்பட்டபோது, வசதியுள்ளவர்கள் தாக்குப்பிடித்தார்கள். சிறு மந்தைக்காரர்கள் ஆடுகளை விற்றார்கள்.

1990-91 வளைகுடா நெருக்கடியின்போது அகதிகளாக வந்தவர்களுடன் பெருந்தொகையான ஆடுகளும் ஒட்டகங்களும் ஜோர்தானுக்குள் புகுந்தன. ஏற்கனவே களைத்திருந்த நிலம் மேலும் நசிந்தது. இதற்காக ஐக்கிய நாடுகளின் இழப்பீட்டு ஆணைக்குழு 2005இல் ஜோர்தானுக்குச் சுமார் 160 மில்லியன் அமெரிக்க டொலர் வழங்கத் தீர்மானித்தது. வீடு இடிந்ததற்கோ ஆள் இறந்ததற்கோ அல்ல, மேய்ச்சல் தரை கெட்டதற்கு, அதைச் சீர்செய்வதற்கென்றே கொடுத்த இழப்பீடு அது.

இதைப் படித்தபோது ஸூரா அல்அன்பியாவிலுள்ள தாவூத் (அலை), ஸுலைமான் (அலை) அவர்களின் தீர்ப்பு நினைவுக்கு வந்தது. ஒருவரின் ஆடுகள் இரவில் இன்னொருவரின் விளைநிலத்தில் இறங்கி மேய்ந்துவிட்டன. தஃப்ஸீர்களில் வரும் விளக்கத்தின்படி, ஆடுகளை நிலச் சொந்தக்காரருக்கே கொடுத்துவிடலாம் என்று தாவூத் (அலை) அவர்கள் கருதினார்கள். ஸுலைமான் (அலை) அவர்கள் வேறொரு வழி சொன்னார்கள். ஆட்டுக்காரர் அந்த நிலத்தை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும்; அதுவரை ஆடுகளின் பாலையும் உரோமத்தையும் நிலச் சொந்தக்காரர் அனுபவிக்கலாம்; நிலம் திருந்தியதும் ஆடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருவருக்கும் ஞானத்தைக் கொடுத்ததாகவும், ஸுலைமான் (அலை) அவர்களுக்கு விளங்க வைத்ததாகவும் அல்லாஹ் கூறுகிறான். அந்தத் தீர்ப்பில் ஆட்டுக்காரர் அழிந்துபோகவில்லை. நிலமும் அநாதையாக விடப்படவில்லை.

ஹிமா: கோடு கிழிக்கும் உரிமை

மத்ரஸாக்களில் பிக்ஹு பாடத்தில் 'ஹிமா' என்ற சொல்லை ஓதிக்கொடுக்கிறோம். ஒதுக்கிப் பாதுகாக்கப்பட்ட மேய்ச்சல் தரை என்பது பொருள். ஜாஹிலிய்யா காலத்தில் அதற்கும் ஓர் அளவுமுறை இருந்தது. பலம் வாய்ந்த தலைவன் மேட்டில் ஏறித் தன் நாயைக் குரைக்க வைப்பான். அந்தச் சத்தம் கேட்கும் தூரம்வரை அவனுக்கு மட்டுமே சொந்தம். மற்ற இடங்களில் எல்லோரோடும் சேர்ந்து மேய்ப்பான். நபி (ஸல்) அவர்கள் இதை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனது தூதருக்குமே அன்றி வேறெவருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். மதீனாவுக்கு அண்மையில் 'நகீஃ' என்னும் இடத்தைப் பொதுத் தேவைக்கான குதிரைகளுக்கென ஒதுக்கினார்கள். தனிமனிதனின் ஆசைக்காகக் கிழித்த கோடு, பொதுநலனுக்கான கோடாக மாறியது.

உமர் (ரழி) அவர்கள் தம் ஆட்சியில் ஒரு ஹிமாவுக்குப் பொறுப்பாக ஹுனை என்பவரை நியமித்தபோது சொன்ன அறிவுரை புஹாரியில் இடம்பெற்றிருக்கிறது. அதன் கருத்து இதுதான்: சில ஒட்டகங்களும் சில ஆடுகளும் மட்டுமே உள்ளவனை உள்ளே விடு. அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப், உஸ்மான் இப்னு அப்பான் ஆகியோரின் மந்தைகளைத் தவிர்த்துக்கொள். அவர்களின் கால்நடைகள் அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந் தோட்டமும் விளைநிலமும் இருக்கின்றன. ஏழையின் கால்நடை அழிந்தால் அவன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம்தான் வந்து நிற்பான். அவனைக் கைவிட முடியுமா? பொன்னும் வெள்ளியும் கொடுப்பதைவிடத் தண்ணீரும் புல்லும் கொடுப்பது எனக்கு எளிது.

எவ்வளவு தெளிவான தரப் பிரிப்பு! நிலத்தைத் தரம் பிரிப்பதற்கு மேலாக, தேவையைத் தரம் பிரித்திருக்கிறார்கள். இன்று ஒரு பகுதி 'பொருத்தமில்லை' என்று சிவப்பு நிறத்தில் வரைபடத்தில் விழுந்து மூடப்பட்டால், ஆயிரம் ஆடுள்ளவர் லொறியில் ஏற்றி வேறிடம் போவார். முப்பது ஆடுள்ள விதவை எங்கே போவாள்? வரைபடம் வரைந்த பிறகு கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான்.

ஜோர்தானில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்த இடங்களும் உண்டு. ஸர்கா ஆற்றுப் படுகையில் பனூ ஹாஷிம் என்னும் கிராமத்தவர்களிடம், 2010ஐ அடுத்த ஆண்டுகளில், சுமார் 100 ஹெக்டெயர் அரச நிலத்தின் பராமரிப்பு ஹிமா முறைப்படி ஒப்படைக்கப்பட்டது. எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்பதை ஊரவர்களே பேசித் தீர்மானித்தார்கள். அழிந்துபோன செடிகள் மீண்டும் தலைகாட்டின. பெண்கள் அங்கே முளைத்த மூலிகைகளைச் சேகரித்துக் காயவைத்து வருமானம் தேடினார்கள். அரபுத் தீபகற்பத்தின் பழைய ஹிமாக்களிலும் இத்தகைய நுட்பங்கள் இருந்தன. சிலவற்றில் பஞ்ச காலத்தில் புல்லை அறுத்துச் செல்ல மட்டுமே அனுமதி. சிலவற்றில் பருவத்தில் மட்டும் மேய்ச்சல். சிலவற்றில் பூக்கள் உதிரும்வரை ஆடு நுழையக் கூடாது, தேனீக்களின் பங்கு முதலில் தீர வேண்டும் என்று!

நமது பங்கு

ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்தது. பாலைவனமில்லாத தீவில் வாழும் நமக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

இரண்டு விடயங்களைச் சொல்லி நிறைவு செய்கிறேன். ஒன்று, உங்கள் பெண்பிள்ளைகளைப் பற்றியது. புவியியல் படித்து என்ன பயன், ஆசிரியத் தொழில் கிடைத்தாலன்றி வீட்டில்தானே இருக்கப் போகிறாள் என்று சொல்லும் பெற்றோரை நான் நிறையச் சந்திக்கிறேன். செய்மதிப் படங்கள் இலவசம். அவற்றை ஆராயும் மென்பொருட்களில் 'கியூ-ஜி-ஐ-எஸ்' போன்றவையும் இலவசம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உட்பட நம் நாட்டில் புவியியல் துறைகள் இருக்கின்றன. வீட்டு மேசையில் ஒரு கணனியோடு அமர்ந்து, எந்த ஊரில் நீர் வற்றுகிறது, எந்தக் குளம் தூர்கிறது என்று கண்டு சொல்லும் வேலை, மார்க்க வரம்புகளுக்குள் நின்று ஒரு பெண் செய்யக்கூடிய சமூகப் பணி. நீர்நிலையருகே ஒதுங்கி நின்ற அந்த இரு பெண்களின் நிலைமை, ஒரு பெண் வரைந்த படத்தில் விடுபட்டுப் போகாது என்பது என் நம்பிக்கை.

இரண்டாவது, நம் எல்லோரையும் பற்றியது. தண்ணீரிலும் மேய்ச்சற் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்தில் ஹதீஸ் வந்திருக்கிறது. பங்காளி என்றால் உரிமை மட்டுமல்ல, பொறுப்பும் உண்டு. பொதுக்கிணறு, பள்ளிவாசல் ஹவ்ழ், ஊர்க் குளம், வீதியோர மரம் ஆகியவற்றிலிருந்து எடுக்கும்போது, பாதிக்கு மேல் விட்டுவைக்கும் அந்த மேய்ச்சல் கணக்கை நினைவில் வையுங்கள். நமக்குப் பிறகு வருபவர்களில் ஆடு முப்பது மட்டும் உள்ளவளும் இருப்பாள்.

அமானிதமாகத் தந்த பூமியை அமானிதமாகவே ஒப்படைக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் எல்லோருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.